2024-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் போதிய உறுப்பினர் வராததால் ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டதை நினைவூட்டி, கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் நம் சங்கம் இவ்வாண்டு ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா ஜனவரியில் நடைபெற்றது. இரத்த தான முகாம் ஒருமுறை நடந்தது. தீபாவளிக்கு வசதி குறைந்த குடும்பங்களுக்கு மளிகைப் பொருள்கள் வழங்கப்பட்டன. செயலவை ஆறு முறை கூடியது. ஆறுக்கும் வந்தவர்கள் மூவர் மட்டுமே.

மே முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமைகளில் படிவம் நான்கு (இடைநிலைப்பள்ளி நான்காம் ஆண்டு) மாணவர்களுக்காக, ஜப்பானிய ஆட்சியையும் அதற்குப் பிந்திய ஆண்டுகளையும் பற்றி நடத்தப்பட்ட வரலாற்று வகுப்பைப் பற்றிப் பலவாறு பேசப்பட்டதால், அதைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. இது செயலாளரின் சொந்த ஆசை என்றும், பரீட்சைக்கு உதவாதது என்றும், சங்கத்தின் படம் காட்டும் கருவி இதற்காகவே தேய்ந்தது என்றும் சொல்லப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் வரலாறு போதித்தவன் என்ற முறையில் முதல் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதைப் பொறுத்தவரை, 2013 முதல் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம் என்பதும், ஜப்பானிய ஆட்சி படிவம் நான்கு பாடநூலிலேயே இடம்பெற்றிருப்பதும் பெற்றோர் அனைவரும் அறிந்ததே.

முதல் நாள் வந்த 22 மாணவர்களிடம், இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தெரிந்ததை அரைப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ஹிட்லரை எழுதினார்கள். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கிய அன்றே நம் சுங்கை பட்டாணி விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது என்பதை ஒருவரும் எழுதவில்லை. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொடுத்துவிட்டதால், இந்த ஊர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் காலம் சயாம் ஆட்சியின்கீழ் இருந்தது என்று சொன்னபோது, ஒரு மாணவி நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டார். அன்றே, இந்த வகுப்பைப் பாதியில் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்து உதவினார். அதில் வாழைக்குலை தொங்குகிறது. ஓரத்தில் எழுத்து இருக்கிறதே தவிர வரிசை எண் இல்லை. எண் இல்லாத நோட்டை எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்று ஒரு மாணவர் தாமாகவே கண்டுபிடித்தார். பணவீக்கத்தை விளக்க நான் தயாரித்து வைத்திருந்த அட்டவணை பிறகு தேவைப்படவில்லை. போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. அது நின்றதும் மரவள்ளிக்கிழங்கே சோறானது. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து இந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது, மூன்றரை ஆண்டு உழைப்பின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது.

வகுப்பின் மையம், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர்; ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அந்தப் பாதையிலுள்ள தாய்லாந்தின் காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளின் 7,000-க்கு நெருங்கிய கல்லறைகள் வரிசையாக இருக்கும் படத்தைக் காட்டி, "நம் ஆட்களின் கல்லறை எங்கே?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது.

அடுத்த வாரம் உறுப்பினர் ஒருவரின் தாயாரை அழைத்து வந்தோம். அவருக்கு வயது 92. தகப்பனார் மூன்று மாத வேலை என்று நம்பிச் சயாம் போனவர். தம் அம்மா சாக்கை வெட்டித் தைத்து உடுத்தியதைப் பாட்டி இடுப்பில் கைவைத்துக் காட்டினார். அந்தத் தகப்பனார் எப்போது இறந்தார் என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "அது யாருக்கும்மா தெரியும்? 1946 வரைக்கும் ஒருத்தர் ரெண்டு பேரா ஆளுங்க திரும்பி வந்துக்கிட்டே இருந்தாங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கருமாதி பண்ணல, பொட்டையும் அழிக்கல" என்றார். போருக்குப் பிந்திய சமுதாயம் என்று பாடத்திட்டம் குறிப்பிடுவதில் இந்தப் பொட்டும் அடங்கும் என்று நான் கருதுகிறேன்.

1945-க்குப் பிந்திய பகுதிதான் எதிர்ப்பைக் கிளப்பியது. பழையதைக் கிளற வேண்டுமா என்று செயலவையிலேயே கேட்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்ததும், 1947-இல் பீடோங்கில் அது காவல்துறையோடு மோதலில் முடிந்ததும் இங்கிருந்து சில மைல் தூரத்தில் நடந்தவை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராக நீடித்த அவசரகாலத்தில் ஐந்து லட்சம் பேர் வரை முள்கம்பி வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு உணவு போகாதிருக்க, கடையில் விற்கும் தகர டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பால் டின் ஒன்றை ஆணியால் குத்தி இதைக் காட்டினேன். அதையும் அரசியல் என்று கூறியவர்கள், கூறுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையாவது வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம்.

செப்டம்பரில் வகுப்பை நிறைவு செய்தவர்கள் 13 பேர். ஒன்பது பேர் டியூஷனுக்காக விலகினார்கள். அவர்கள்மீது வருத்தம் இல்லை. பிள்ளைகளைக் காஞ்சனாபுரிக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டு, எல்லை ஊரான பாடாங் பெசார் வழியான பயணச் செலவையும் கணக்கிட்டு வைத்திருந்தோம். பணம் கட்டுவதாகக் கைதூக்கியவர்களில் நால்வர் மட்டுமே கட்டியதால் பயணம் கைவிடப்பட்டது. முன்பணமாகச் செலுத்தியதில் ஒரு பகுதி திரும்பவில்லை. அது சங்கப் பணமன்று என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் விளக்குவார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சிறிது குறைவு. பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டியிருப்பதால், உள்தணிக்கையாளர்கள் இம்முறை காலத்தோடு கையெழுத்திட வேண்டுகிறேன். ஆண்டுச் சந்தா 24 வெள்ளி. உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் செலுத்தவில்லை. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. பெயர்ப்பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அது என் பையில் இருக்கிறது.

ஒத்துழைத்த தலைவருக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட காவலருக்கும், தேநீர் வழங்கிய மகளிர் பிரிவினருக்கும், பாட்டியை அழைத்து வந்த குடும்பத்தினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இவ்வகுப்பைத் தொடர்வதா என்பதைப் புதிய செயலவை முடிவு செய்யட்டும். என் முழங்கால் முன்போல் இல்லை. இளையவர் எவரேனும் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் கோப்புகள் அனைத்தையும் அன்றே ஒப்படைத்துவிடுவேன். எவரும் முன்வராவிட்டால், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தின் சாவியும் 24 வெள்ளிச் சந்தாவும் கிடைத்தால் போதும். சயாம் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் தெரிந்த குடும்பத்தினர் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், மாணவர்கள் தொடங்கியுள்ள பட்டியலில் சேர்த்துக்கொள்வோம். அதில் இப்போது 17 பெயர்கள் உள்ளன.

செயலாளர்