சிறந்த ஆய்வாளர், சிறந்த ஆசிரியர் விருதுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் விருதுத் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

ஆசிரியர் தின விருதுகளுக்கு நீங்கள் வாங்கும் விண்ணப்பப் படிவம் பற்றியதுதான் இந்த மடல். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண், ஹெச்-இண்டெக்ஸுக்கு இத்தனை என்று கூட்டிப் போட்டால், எண்ணிக்கையைப் பெருக்கத் தெரிந்தவர்தான் முந்துவார்.

ஹெச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடுவது. 20 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 20 மேற்கோள் என்றால் அது 20. மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் 500 முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் 3தான். கணிதத்தில் மேற்கோள் மெதுவாகவே சேரும். நூலாக வரும் தமிழாய்வு பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே ஏறாது. இவர்களை உயிரித் தொழில்நுட்பத்தாரோடு ஒரே பட்டியலில் நிறுத்துவது அநியாயம்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் இனிஷியலும் 'குமார்' என்ற பெயரும் உள்ளவரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் வேறு குமார்களின் கட்டுரைகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாக உள்ள 16 இலக்க ஆர்கிட் அடையாள எண்ணைக் கேளுங்கள். கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்களை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாள எண்), திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் சரிபாருங்கள். 2023 முதல் அதன் முழுத் தரவும் இலவசம். பிறகு விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்த ஐந்து கட்டுரைகளை மட்டும், ஒவ்வொன்றிலும் அவர் பங்கு என்ன என்ற குறிப்போடு, அதே துறையைச் சேர்ந்த வெளியாட்கள் இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர் விருதில் நிலைமை இன்னும் மோசம். மாணவர் கருத்துப் படிவத்தின் சராசரியை வைத்தே முடிவெடுக்கிறீர்கள். 60 பேர் வகுப்பில் 12 பேர் படிவம் நிரப்பினால், ஒரே ஒரு மாணவர் 5க்குப் பதில் 1 போட்டாலும் சராசரி 0.33 இறங்கிவிடும். 4.6 வாங்கியவருக்கும் 4.4 வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி அதைவிடக் குறைவு! அமெரிக்காவின் வட கரோலினாவில் இணையவழி வகுப்பொன்றை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், ஆண் பெயரில் பாடம் நடத்தியபோது மாணவர்கள் அதிக மதிப்பெண் போட்டார்கள். உண்மையில் நடத்தியவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டாகவே இல்லை.

வேறென்ன பார்ப்பது? திருத்திய இண்டர்னல் விடைத்தாள்களில் பத்தை வாங்கிப் பாருங்கள். அவற்றில் பாதி, குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுடையதாக இருக்கட்டும். வெறும் சிவப்புக் கோடும் மொத்த மதிப்பெண்ணும் மட்டும் இருக்கின்றனவா, அல்லது "மூன்றாம் வரியில் குறி மாறிவிட்டது, அங்கிருந்து மறுபடி போடு" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதா? அந்த ஓரக் குறிப்பில்தான் ஆசிரியர் இருக்கிறார். அவர் தயாரித்த மூன்று ஆண்டு வினாத்தாள்களை அடுத்தடுத்து வைத்தால், அதே கேள்விகள் சுற்றி வருகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். முன்கூட்டிச் சொல்லி ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை வகுப்பில் போய் உட்காருங்கள்.

உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இணைவுக் கல்லூரியில் அந்தப் பணிச்சுமையோடு, ஆய்வு மாணவர் எவரும் இல்லாமல் உழைப்பவரையும், பல்கலைக்கழகத் துறையில் ஆய்வகத்தோடு இருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி விருது வையுங்கள்.

தேர்வானவரை ஏன் தேர்ந்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி, விருது அறிவிப்போடு வெளியிடுங்கள். அடுத்த செப்டம்பர் 5க்கு விண்ணப்பம் கோருவதற்கு முன்பே இந்தப் படிவத்தை மாற்றிவிடுங்கள்.