பரணில் இருக்கும் பூத்தையல் பெட்டியைத் திறந்து பாருங்கள்

அன்பான பெற்றோருக்கும் பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளித் தையல் வகுப்புக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருக்கிறோம். கையால் செய்த லேஸ், பூத்தையல், குரோஷா வேலைகளைச் சேர்த்துவைக்கும் சிறு காட்சியறை அது. அதற்கு உங்கள் வீட்டுத் துணிகள் வேண்டும். இரவலாகத் தந்தாலே போதும்.

நம் வடசென்னைப் பகுதியே துணியால் வளர்ந்தது. கிழக்கிந்தியக் கும்பினித் துணிகளை வெளுத்தவர்களால் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. காலாடிப்பேட்டை, கும்பினியின் சென்னை கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். பின்னி துணி மில்லில் வேலை பார்த்த தாத்தாக்கள் நம் பிள்ளைகளில் பலருக்கு உண்டு. அவர்கள் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. அதே வீட்டில், சமையல் முடிந்த மதியத்தில் பாட்டி பின்னியதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தத் துணி மட்டும்தான் சாட்சி.

ரேடியோமேல் போட்ட விரிப்பு, தேவாலயத்தில் புதுநன்மை வாங்கும்போது போட்ட முக்காடு, தொழுகைத் தொப்பி, சீராக வந்த தலையணை உறை, 'நல்வரவு' என்று தைத்துச் சட்டம் போட்ட துணி, எதுவானாலும் கொண்டுவாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பாதியில் நின்றுபோன வேலை இன்னும் நல்லது. பின்னல் எப்படி வளர்கிறது என்பதைப் பிள்ளைகள் அதில்தான் பார்க்க முடியும். இன்று ஆரி வேலை செய்து சம்பாதிக்கும் அம்மாக்களும் ஆளுக்கொரு மாதிரித் துண்டு தர வேண்டும்.

லேஸ் வெறும் அலங்காரம் என்பவர்களுக்கு நான் நாகர்கோவிலைச் சொல்வேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்தார். பின்னி விற்ற காசைக் கொண்டு அடிமை நிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு.

இத்தாலியில், வெனிஸ் பக்கம் புரானோ என்றொரு தீவு. நம் காசிமேடுபோல மீனவர் ஊர். அங்கே 1872-இல் தொடங்கிய லேஸ் பள்ளி 1970-இல் மூடப்பட்டது. அதே கட்டடத்தில் 1981-இல் லேஸ் அருங்காட்சியகம் திறந்தார்கள். கை பழகிய மூதாட்டிகள் அங்கே வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து பின்னிக் காட்டினார்கள். நம் பாட்டிமார்களும் அப்படி வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை. கண் மங்கியிருந்தால் வாயால் சொல்லட்டும், பிள்ளைகள் பின்னிப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு துணியோடும் ஒரு தாள் வையுங்கள். யார் செய்தது, யாரிடம் கற்றது, எதற்காகச் செய்தது என்று எழுதுங்கள். 'இன்னார் மனைவி' என்று எழுத வேண்டாம். அவர் சொந்தப் பெயர் வேண்டும்.

தயவுசெய்து துவைத்துக் கஞ்சி போடாதீர்கள். இற்றுப்போன நூல் நனைந்தால் அறுந்துவிடும், கஞ்சிக்குப் பூச்சி வரும். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், கடற்காற்றின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள், துருக்கறை போகாது. பழைய பருத்தி வேட்டியில் மடிப்பு விழாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். இங்கே வெயில் படாத அலமாரியில் வைப்போம்.

சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை தையல் ஆசிரியையிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கேட்கும் நாளில் அப்படியே தந்துவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை