அக்காவுக்கு, இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்த பிறகு

அக்கா,

நீ பெட்டியில் வைத்துவிட்ட இரண்டு தேயிலைப் பொட்டலங்களில் ஒன்றை எப்போதோ குடித்துத் தீர்த்தேன். மற்றதைத் தொடாமல் வைத்திருந்தேன். நேற்றிரவு பிரித்தேன். வருகிற ஞாயிறு அம்மாவுக்கு வருஷத் திதி.

300 மில்லி கொதிநீரில் மூன்று கரண்டி போட்டேன். நம் தூள் இங்குள்ள பைத் தேயிலைபோல நின்று நிதானமாகச் சாயம் விடுவதில்லை. தண்ணீரை ஊற்றிய நொடியே கறுத்துவிட்டது. துணியில் வடிகட்டி, சூடு ஆறுமுன் 400 கிராம் உலர்திராட்சையின் மேல் ஊற்றி மூடினேன். காலையில் திறந்தபோது சாயத்தில் பாதியைக் காணவில்லை. வற்றிச் சுருண்டு கிடந்த திராட்சையெல்லாம் உப்பி, தோல் விரிந்து மினுமினுத்தது. ஒன்றை எடுத்து நசுக்கினேன். உள்ளே இனிப்பு, தோலில் நம் சாயத்தின் துவர்ப்பு. அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

போன முறை நான் கொண்டுவந்த அந்த ரொட்டி உனக்கு நினைவிருக்கும். நான்தான் பெயரைச் சொல்லவே இல்லை, நீயும் கேட்கவில்லை. பாரா ப்ரித் என்பார்கள். வேல்ஸ் மொழியில் புள்ளி விழுந்த ரொட்டி என்று பொருள். முன்பு ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தார்களாம். இப்போது பேக்கிங் பவுடர் கலந்த மைதா 450 கிராம், சர்க்கரை 250 கிராம், ஒரே ஒரு முட்டை, கொஞ்சம் பட்டை, ஜாதிக்காய். எண்ணெயோ வெண்ணெயோ மாவில் ஒரு துளி கிடையாது. திராட்சையை அதன் சாயத்தோடு கொட்டிக் கிளறி, 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விட்டால் போதும். வசதியில்லாத வீட்டின் பலகாரம் இது. அதனால்தான் எனக்குப் பிடித்தது. நம் லயத்து வரிசை வீட்டில் ஓவன் இருந்திருந்தால் அம்மாவே கண்டுபிடித்திருப்பாள்.

வேல்ஸின் கார்மார்தனில் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டிதான் கற்றுக்கொடுத்தார். அவர் ஊர் ஆட்கள் 1865-இல் மிமோசா என்ற கப்பலில் லிவர்பூலிலிருந்து அர்ஜென்டினாவின் பட்டகோனியாவுக்குப் போய்க் குடியேறிய கதையைக் கிளறியபடியே சொன்னார். நம் பாட்டியும் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள் என்றேன். 1964-இல் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, அங்கிருந்த தோட்டத் தமிழர்களை இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதை நான் சொல்லச் சொல்ல, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உன்னைப் பற்றியும் சொன்னேன், அக்கா. எல்லாவற்றையும் அல்ல.

இங்கும் எல்லாவற்றையும் எழுத முடியாது. சித்தப்பா வீட்டில் இதைப் படிப்பார்கள். உன் பத்தாம் வகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்டு நீ கூடை தூக்கவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது.

போன முறை நான் கிளம்புமுன் வந்த அந்த இரவை மட்டும் எழுதியாக வேண்டும். கொழுந்து நிறுக்கிற தராசைக் கேட்டு வாங்கி வந்து, வாசல் விட்டத்தில் கயிறு கட்டி என் பெட்டியைத் தொங்கவிட்டாய். முள் 26-இல் நின்றது. டிக்கெட்டில் போட்டிருந்தது 23. நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கிறவர் எடையைக் கழிப்பதுபோல, "கூடைக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று. கழித்துக்கொள், சரியாகிவிட்டது" என்றாய். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். நீயும் சிரித்தாய். அதற்குமுன் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம் இருக்கும்.

பிறகு பெட்டியைத் திறந்து என் சேலைகளையும் புத்தகங்களையும் வெளியே எடுத்தாய். அரைக் கிலோப் பொட்டலங்கள் இரண்டை வைத்தாய். உள்ளே போய், அலுமினியத் தாளில் சுற்றியிருந்த ரொட்டியையும் கொண்டுவந்து வைத்தாய். மூன்று கிலோ குறைக்க வேண்டிய பெட்டியில் அதை ஏன் திருப்பி வைத்தாய்? "இங்கே யாரும் தின்ன மாட்டார்கள், எறும்பு வரும்" என்றாய். அம்மா தின்றாளே. இரண்டு துண்டு, தேநீரில்கூட நனைக்காமல், பல்லில்லாத வாயில் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றாள். நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

கோவை விமான நிலையத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தைப் பிய்த்துத் தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை.

சாவுக்கு வராததற்கு நான் சொன்ன காரணம் பொய் அல்ல. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றதாகக் கணக்காகிவிடும், வேலையும் போயிருக்கும். மன்னித்துவிடு, அக்கா. அடக்கச் செலவுக்கு அனுப்பிய பணத்தை நீ திருப்பி அனுப்பியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பணம் அனுப்பினால் மகள் கடமை தீர்ந்ததா என்று நீ யாரிடம் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அனுமதி கைக்கு வந்து ஏழு மாதமாகிறதே, அப்போது வந்திருக்கலாமே என்று கேட்பாய். கேள். வரவில்லை. அம்மா இல்லாத வீட்டில் நீ எனக்குக் கதவைத் திறப்பாயா என்று பயந்தேன்.

நீ வரச் சொல்லவில்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை கோவையில் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் பிடிப்பேன். கூட்டிப்போக யாரையும் அனுப்பாதே.

ரொட்டி நன்றாக வெந்திருக்கிறது. குச்சியால் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. சுட்ட அன்றே இதைத் தின்னக் கூடாது; தாளில் சுற்றி இரண்டு நாள் வைத்தால்தான் ஈரம் உள்ளுக்குள் பரவி, வெட்டும்போது உதிராமல் வரும். ஞாயிற்றுக்கிழமை முதல் துண்டை அம்மா படத்தின் முன் வைக்கலாம். இரண்டாவது துண்டு உனக்கு. மூன்று பேருக்கு ஒரு ரொட்டி தாராளம். திரும்பும்போது இதை என் பெட்டியில் வைத்தாயானால் எடுத்து வெளியே வைப்பேன். நீ எத்தனை முறை வைத்தாலும்.