ஐப்பசி மழைக்கு முன் ஓர் ஊசி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம். வயசானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியை அரசே போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். வீட்டுக்காரர் கட்டிங். இரண்டு பேரும் காலை எட்டரைக்கு வேலையில் நிற்க முடிவது என் அம்மாவால்தான். அவருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. சமையலும், பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு.

போன ஐப்பசியில் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் வருவதுதானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நாலாம் நாள் ராத்திரி, "அமுச்சி ஒரு மாதிரி மூச்சு விடுது" என்று பையன்தான் எழுப்பினான். உதடெல்லாம் நீலம். ஃப்ளூ காய்ச்சல் முற்றி நுரையீரலில் நிமோனியாவாகிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டை இருந்ததால் அங்கே நாங்கள் பணம் கட்டவில்லை. அதற்கு மனசார நன்றி.

ஆனால் எங்கள் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. முதலில் ஓடிய கிளினிக், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே: 3,400. ஆட்டோவும் கூட இருந்தவர்கள் சாப்பாடும்: 2,900. வீட்டுக்கு வந்தபின் நெபுலைசர், மருந்து: 4,100. வீட்டுக்காரருக்குப் போன ஷிப்ட் ஐந்து. என் ஷிப்ட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அம்மா அடுப்படிப் பக்கம் வரவே தை பிறந்துவிட்டது. அதுவரை பையனை யார் பார்ப்பது? நான்தான் வீட்டில் இருந்தேன். குழுக்கடன் தவணைக்குக் கம்மல் அடகுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

வயசானவர்களின் காய்ச்சலுக்கு ஆகும் செலவு என்று அரசு பார்ப்பது காப்பீடு கட்டும் தொகையை. என் அம்மா சம்பளமில்லாமல் செய்துவந்த வேலை நின்றதும் ஒரு சம்பளமே நின்றுபோனது அதில் எங்கே வரும்? 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் நூற்றில் 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்கள், கேரளாவுக்கு அடுத்து நாம்தான். எத்தனை வீடுகள் இப்படி ஓடுகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

2024 அக்டோபரிலிருந்து எழுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை மத்தியக் காப்பீடு உண்டு. படுக்கையில் விழுந்தால் 5 லட்சம். விழாமல் காக்கும் ஃப்ளூ ஊசிக்கு அதில் ஒரு ரூபாய் இல்லை. தனியாரில் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் கேட்கிறார்கள், அதுவும் வருஷா வருஷம், ஏனென்றால் கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரை போவது குறையும். ஹஜ் போகும் முதியவர்களுக்கு அரசே இதைப் போட்டு அனுப்புகிறது. ஊரிலேயே இருக்கிற முதியவர்களுக்கும் போடலாமே.

புதிதாகக் கணக்கெடுக்கவும் வேண்டாம். வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் உங்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குவோர் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதில் அறுபதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். நடக்க முடிந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில், முடியாதவர்களுக்கு நர்ஸ் வீட்டுக்கே வந்து. வடக்கே வேறு மாதமாக இருக்கலாம், நமக்கு ஃப்ளூ ஏறுவது வடகிழக்குப் பருவமழையோடு. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பனியன் தொழிலாளி,
திருப்பூர்