துச்சாதனனுக்குக் கை வலிக்காதா?

காரிமங்கலம்
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை நாலு நாள் செய்துவிட்டு நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். மாங்காய்தான் இந்த வருஷம் காலை வாரிவிட்டது. காய் நன்றாகப் பிடித்தது, ஆனால் பெங்களூரா ரகத்தைக் கேட்க ஆளில்லை. கூழ் ஃபேக்டரியில் சொன்ன விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போய்விடும் என்று வீட்டுக்காரர் பாதியை மரத்திலேயே விட்டுவிட்டார். செந்தூரா கொஞ்சம் கைகொடுத்தது. சரி, அதை விடு.

“இன்னும் ராத்திரி சீரியல் பார்க்கிறாயா, நம் காலத்து சீரியல் மாதிரி இப்போது எங்கே வருகிறது” என்று எழுதியிருந்தாய். நான் நிறுத்தி வெகுநாள் ஆகிறது. அத்தை பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நான் துவரைக்காய் உரித்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பேன். அது போதும், கதை இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு மனசு விட்டுப்போனது ‘எதிர்நீச்சல்’ பார்த்துத்தான். ஆரம்பத்திலிருந்தே சுமாராக இருக்கிற சீரியல் எப்படிப் போனால் நமக்கென்ன? இது அப்படி இல்லையே. 2022 பிப்ரவரியில் தொடங்கியபோது நானும் மகளும் அத்தையும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தோம். ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம். நாலு மருமகள்கள், எல்லோரும் அடுப்படிக்குள். வீட்டுக்குப் பெரியவர் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. அந்த மனிதர் வில்லனுக்கென்று தனியாக ஒரு முகம் வைத்துக்கொள்ளவே இல்லை. ரசம் கேட்கிற குரலிலேயே பெண்களை உட்கார வைத்துவிடுவார். எங்கள் தெருவில் ரெண்டு மூன்று பேருடைய முகம் எனக்கு வந்து வந்து போகும், பெயர் எழுத மாட்டேன், உனக்கே தெரியும்.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசும்போதே உடம்புக்கு முடியாமல் போய் அவர் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், நடிப்பிலும் குறைந்தவர் இல்லை. ஆனால் மாரிமுத்துவின் அதட்டலுக்குப் பழகிய காதுக்கு அவர் வேறு யாரோவாகத்தான் தெரிந்தார். சீரியல் இறங்கியதற்கு எல்லோரும் இதைத்தான் காரணம் சொல்கிறார்கள், நீயும் சொல்லியிருக்கிறாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாரிமுத்து இருக்கும்போதே கதை அந்த வீட்டு அப்பத்தாவுக்குச் சொத்தில் இருந்த 40 சதவீதப் பங்கைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டது. படித்த பெண் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டை, சொத்து யார் கைக்குப் போகும் என்ற துரத்தலாக மாறியபோதே நம்மை ஒரே பாயில் உட்கார வைத்த விஷயம் போய்விட்டது. 2024 ஜூனில் ஒருவழியாக முடித்தார்கள். முடித்தார்கள் என்றுதான் நினைத்தோம். டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று வந்து நின்றார்கள், கதாநாயகி ஜனனிக்கு வேறொரு பெண்ணைப் போட்டு.

இதில் எழுதுகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்கிற டி.ஆர்.பி. புள்ளி ஒவ்வொரு வியாழக்கிழமையும் பார்க் (BARC) அமைப்பிலிருந்து வருகிறது. நாடு முழுக்க 50,000 சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து எடுக்கிற கணக்கு அது. புள்ளி நன்றாக இருந்தால் கதை முடியக் கூடாது, இறங்கினால் கடத்தல், விபத்து, இல்லாவிட்டால் ரெண்டு சீரியல் குடும்பங்களை ஒரே கல்யாணத்தில் உட்கார வைத்து மகா சங்கமம். முன்பு சன் டிவியில் தயாரிப்பாளர்களே நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, விளம்பரத்தையும் தாங்களே பிடித்துப் போட்ட காலம் உண்டு. அப்போதும் ஓடுகிற குதிரையை யாரும் நிறுத்தவில்லை. ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடவில்லையா? அதன் கதாநாயகி அபியின் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டே என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்து நாலாவதும் போய்விட்டாள்.

அதனால் “நம் காலம்” என்று ரொம்பவும் தூக்கிப்பிடிக்காதே. 2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்களே, பார்த்தாயா? ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பா வாசலில் நிற்கிற காட்சிகள் இன்றைக்கும் தொண்டையை அடைக்கின்றன. ஆனால் நடுவில் இழுவை அப்போதும் இருந்திருக்கிறது, நமக்கு வேறு சேனல் இல்லாததால் தெரியவில்லை. வாரம் ஒரு நாள் வந்த மர்மத் தொடர் ‘விடாது கருப்பு’ மட்டும் இன்றும் அசையாமல் நிற்கிறது. மர்மம் இன்னது என்று அவர்களுக்கு முதலிலேயே தெரியும், அதைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார்கள்.

போன சித்திரையில் பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடந்தது. 18 நாள். மத்தியானம் பாரதம் படிப்பு, பிந்தைய நாட்களில் விடிய விடியக் கூத்து, கடைசியில் படுகளம். துரியோதனன் விழுவான், திரௌபதி கூந்தலை முடிவாள் என்று அங்கே இருக்கிற கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தர் எழுந்து போகவில்லை. அன்றைக்கு நான் நினைத்துச் சிரித்தேன். இந்தக் கூத்துக்கும் வியாழக்கிழமை மார்க் போட்டிருந்தால், துகில் உரிகிற ராத்திரிக்குத்தான் கூட்டம் அதிகம் என்று கண்டுபிடித்து, துச்சாதனன் மூன்று மாதம் சேலையை இழுத்துக்கொண்டே நிற்பான். கை வலித்தாலும் விட முடியாது. நடுவில் கண்ணனுக்கு ஞாபகமறதி வரும். கர்ணனுக்கு இரட்டைப் பிறவி ஒருத்தன் முளைப்பான். பதினெட்டாம் போர் அன்று ‘பாரதம் 2’-க்கு பிரமோ போடுவார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் இதைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா என்றான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று ஒன்று, 2011-இலிருந்து பார்த்தானாம். முதலில் வருஷத்துக்குப் பத்து எபிசோடு, 2019-இல் கடைசி சீசனுக்கு ஆறே ஆறு. ஏழு வருஷம் கட்டியதை அவசரமாகப் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மூல நாவல் வரிசையே இன்னும் முடியவில்லையாம், பிறகு சீரியல்காரன் எங்கே போய் இறங்குவான்? எனக்கு அது புரிந்தது. இங்கே முடிக்க விட மாட்டேன் என்கிறார்கள், அங்கே முடிவு எங்கே என்று தெரியாமலே வண்டியை எடுத்துவிட்டார்கள்.

‘குக் வித் கோமாளி’ பற்றிக் கேட்டிருந்தாய். ரெண்டாவது சீசனோடு எனக்குப் போதும். அப்போது தானாக வந்த சிரிப்பு, அப்புறம் சிரிக்க வேண்டுமே என்று வருகிற சிரிப்பாகிவிட்டது. நடுவர் வெங்கடேஷ் பட் போன பிறகு அத்தையும் விட்டுவிட்டார்கள். பிக் பாஸ் கமல் இருந்தவரை சனி, ஞாயிறு மட்டும் பார்த்தேன், அவர் பேசுவதைக் கேட்க. அந்த வீட்டுச் சண்டையைப் பார்க்க டிவி எதற்கு?

மகளுக்குக் கிருஷ்ணகிரியிலேயே வேலை மாற்றல் ஆகியிருக்கிறது, தினமும் வீட்டிலிருந்தே போய் வருகிறாள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகலாம் என்று போன வருஷமும் எழுதினாய், வரவில்லை. இந்த முறை டிக்கெட் போட்டுவிட்டு எழுது. செந்தூரா வடாமாகவும் ஊறுகாயாகவும் மாறுவதற்குள் வந்தால் பழமாகச் சாப்பிடலாம். அண்ணனுக்கு என் வணக்கம் சொல்.

உன்,
கலா