மேசையில் தட்டிய பாட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, மன்னித்துக்கொள். வாழ்நாளெல்லாம் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தவன் நீ. இப்போது 11 பேருக்கு நீயே மேலதிகாரி. "பத்துத் தடவை சொல்லியும் செய்வதில்லை, யாருக்கும் ஈடுபாடே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நம் முதல் மேலாளர் நம்மைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறவில்லை! இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. நானும் அந்த இடத்தில் தடுமாறி விழுந்து எழுந்தவன்தான்.

ஹாஸ்டலில் மின்சாரம் போன இரவுகளில் மேசையில் விரலால் தட்டி, என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கச் சொல்வாயே, நினைவிருக்கிறதா? நான் முழித்தால் "இதுகூடத் தெரியலையாடா" என்று கத்துவாய். அதே விளையாட்டை 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்பவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக நடத்திப் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள்தான். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுகிறவன் மண்டைக்குள் மெட்டு, வரிகள், வாத்தியம் எல்லாம் ஓடுகிறது. எதிரே இருப்பவன் காதில் விழுவது வெறும் டொக் டொக். நீ சொன்ன பத்துத் தடவையும் இப்படித்தான் போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். இன்னும் ஓங்கித் தட்டினால் விரல்தான் வலிக்கும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில், வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய ஓர் அறிக்கையை ஒருவரிடம் கொடுத்து, "சீக்கிரம் முடிச்சு அனுப்பிடுங்க" என்றேன். கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கப் பழைய எண்கள். வாடிக்கையாளர் என்னைக் காய்ச்சினார், நான் அந்த ஊழியரைக் காய்ச்சினேன். அவர் நிதானமாக, "சார், சீக்கிரம்னுதானே சொன்னீங்க?" என்றார். என் அகராதியில் 'சீக்கிரம்' என்றால் சரிபார்த்துவிட்டுச் சீக்கிரம். அந்தச் சரிபார்ப்பு எனக்கு மட்டும் கேட்ட மெட்டு. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொன்ன ஊழியரை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, "சரி, முதல்ல எதைக் கையில எடுக்கப்போறீங்க?" என்று கேட்கிறேன். வருகிற பதிலில் நான் எதைச் சொல்ல மறந்தேன் என்பது தெரிந்துவிடும். பாதி நேரம் தவறு என் பக்கம்தான். கூடவே, இந்த வேலை எதற்கு, முடிந்ததும் யார் கைக்குப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் அதிகம் ஆகும், ஆகட்டும்.

அப்புறம், முதல் இரண்டு மாதம் கெடுபிடியாக இருந்தேன், அடுத்த இரண்டு மாதம் "எப்படியோ போங்கள்" என்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். இரண்டையும் ஒருவனே செய்தால் பாவம், அவர்கள் எந்த முகத்தை நம்புவார்கள்? 1930-களின் கடைசியில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விதமான தலைவரை வைத்துப் பார்த்தார்கள். அதட்டி உருட்டுகிற தலைவரின் கீழ் வேலை நன்றாகவே நடந்தது, அவர் அறையில் இருந்தவரை. அவர் வெளியே போனதும் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. கலந்து பேசி நடத்திய தலைவர் வெளியே போனபோதும் பையன்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். எதிலும் தலையிடாத தலைவரின் குழுவில் அவர் இருந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பையன்களை வைத்துப் பார்த்ததைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்தலாமா என்று நீ கேட்பாய். முழுக்கப் பொருத்த வேண்டாம். நீ விடுப்பில் போகும் அன்று உன் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் விசாரித்துப் பார்.

ஊக்கத்தொகை கேட்டு மேலிடத்துக்கு எழுதப்போகிறாயாமே. எழுது, கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. 1950-களில் ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும், வேலையில் மிக மகிழ்ச்சியாக இருந்த நேரத்தையும் மிக வெறுத்துப்போன நேரத்தையும் சொல்லச் சொன்னார். வெறுத்த கதைகளில் அதிகம் வந்தவை நிர்வாக விதிகள், மேற்பார்வை, சம்பளம் போன்றவை. மகிழ்ந்த கதைகளிலோ ஒன்றைச் சாதித்தது, அதை ஒருவர் கவனித்துப் பாராட்டியது, பொறுப்பு கிடைத்தது. (நல்லது நடந்தால் நான், கெட்டது நடந்தால் நிர்வாகம் என்று சொல்வது மனித இயல்பு என்று இந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.) ஆனாலும் உன் 11 பேரில் கடைசியாக யாருடைய வேலையை, எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டினாய்? "குட் ஜாப்" எல்லாம் கணக்கில் சேராது.

கூட்டத்தில் வாயே திறக்காத அந்த மூத்தவரைப் பற்றி நீ இரண்டே வரிதான் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது. 1986-இல் சாலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்களே, அதற்கு முந்தின இரவே, குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் தாங்காமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள். அவர்களுடைய மேலாளர்களே அதைத் தள்ளிவிட்டார்கள். ஏவலாம் என்று கடைசியாக முடிவு செய்தவர்களுக்கு அப்படியொரு வாக்குவாதம் நடந்ததே தெரியாது. நம் வேலையில் உயிர் போகாதுதான். ஆனால் கெட்ட செய்தி மேலே வரும் வழி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் அடைபடுகிறது. அந்த மனிதர் முன்பு எப்போதாவது வாய் திறந்து உன்னிடமோ உனக்கு முன் இருந்தவரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டாரா? கூட்டத்தில் கேட்காதே, தனியாக உட்கார்ந்து கேள்.

என் பக்கத்துச் செய்தி ஒன்று. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், போன வாரம் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "நீங்க சொல்றது எனக்குப் புரியலை சார்" என்றார். மறுபடி விளக்கினேன். "இன்னும் புரியலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது தடவை விளக்கும்போது பாதியில் எனக்கே தெரிந்துவிட்டது, நான் அந்தத் திட்டத்தை இன்னும் முழுசாக யோசிக்கவில்லை என்று. கூட்டத்தைத் தள்ளிவைத்தேன்.

அந்த மூத்தவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்