கேரல் ஓட்டலுக்குக் குடிபோய்விட்டதாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 20 அன்று வந்த உங்கள் கிறிஸ்துமஸ் இணைப்பைப் படித்தேன். ‘வீடு வீடாகப் போய் கேரல் பாடும் வழக்கம் மறைந்து, இன்று நட்சத்திர ஓட்டல்களில்தான் அதைக் கேட்க முடிகிறது’ என்று எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். பாவம், புதுச்சேரி கடற்கரைச் சாலையைத் தாண்டி அவர் வந்ததே இல்லை போலிருக்கிறது. அதற்கு முந்தின ராத்திரிதான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலில் இருபது பேர் டோலக்கும் கீபோர்டுமாக நின்று பாடினார்கள். கீபோர்டுக்குக் கரண்ட் எங்கள் ஜன்னல் வழியாகத்தான் போனது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் முகமூடியைக் கழற்றிவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். மறைந்துபோன வழக்கத்துக்கு இவ்வளவு தாகமா!

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் எங்கள் ஊரை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். படுத்த படுக்கையாக இருந்த அம்மா இங்கே ஓட்டு வீட்டில் தனியாக. போன் கிடைக்கவில்லை. ஓடெல்லாம் பறந்து, மழை கட்டில் மேலேயே கொட்டியிருக்கிறது. எங்கள் கிறிஸ்தவக் கோவிலின் பங்கு இளைஞர்கள் ஆறு பேர் வந்து, அம்மாவைக் கட்டிலோடு தூக்கி, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பத்து நாளுக்கு முன்னால் அதே கட்டிலைச் சுற்றி நின்று பாடிவிட்டுப் போன பிள்ளைகள்தான். எந்தக் கிழவி எந்த அறையில் கிடக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டலில் பாடுகிறவர்களுக்கு அறை எண் வேண்டுமானால் தெரியலாம்.

சரி, அதை விடுங்கள். அதே பக்கத்தில், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலின் படம் போட்டு, கீழே ‘கிறிஸ்தவர்களின் கொலு’ என்று ஒரு வரி. புனிதர் அசிசி பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்ததெல்லாம் நீங்கள் அறியாததா? அதிலும் குழந்தை இயேசுவின் சுரூபத்தை 20-ஆம் தேதியே படுக்க வைத்தாயிற்று! 24 நள்ளிரவுப் பூசை முடியும்வரை எங்கள் பாட்டி சேசு பாலனை அரிசிப் பானைக்குள்தான் வைத்திருப்பார். கோவிலிலிருந்து வந்ததும், தூக்கம் சொக்கும் கடைக்குட்டிதான் அரிசியைத் துடைத்துக் குடிலில் வைக்கும். நானும் வைத்திருக்கிறேன், இப்போது என் பேத்தி வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோவில் பக்கமே எட்டிப் பார்க்காத என் மகன்கூட, குடிலுக்குப் புல்லாகக் கேழ்வரகு முளைக்கப் போட மட்டும் தவறாமல் பெங்களூரிலிருந்து வந்துவிடுவான். வந்தவன் பூசைக்கும் வருவான்.

போன வருடம், இயேசு சிலுவையில் இறந்த துக்க நாளான பெரிய வெள்ளிக்கு ‘வாழ்த்துகள்’ போட்டீர்கள். கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோவில்களை நிர்வகிக்கும் உயர்மறைமாவட்டத்தின் பெயரிலேயே புதுச்சேரியோடு கடலூரும் இருக்கிறது. உங்கள் எட்டுப் பக்கத்தில்தான் எங்கள் ஊர்க் கோவிலின் கூரைகூட இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த டிசம்பரில் கடலூர்க் கோவில்களின் 24-ஆம் தேதி ராத்திரிப் பூசை நேரத்தை ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். இடமில்லை என்றால் அந்த ‘ஐந்து நிமிட பிளம் கேக்’கை எடுத்துவிடலாம்.

மஞ்சக்குப்பத்து வாசகி,
கடலூர்.